நெகட்டிவ் வரும்வரை

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்று கொரட்டூரில் வீட்டோடு கிடக்கிறேன். முட்டி வலி ஒரு பக்கம், கண்ணில் புரை ஒரு பக்கம். எழுதுவதற்குச் சோம்பலாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் போனில் என்னிடம், "மேடம், ஐஜிஎம் பாசிட்டிவ்னா இன்ஃபெக்‌ஷன் இருக்குன்னு தானே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மெஷினைப் பற்றி எழுத மாட்டேன். அதைக் கம்பெனிக்காரர் வந்து சொல்லித்தருவார். டீ வாங்கிக் கொடுத்தால் இரண்டாவது தடவையும் சொல்லித்தருவார். மெஷின் எண்ணைத் துப்பிய பிறகு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் உங்கள் வேலை. அதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்குச் சொல்லித்தந்தவர் ஒருவர் இருந்தார். பூந்தமல்லியில் நான் முதலில் வேலை பார்த்த லேபின் பொறுப்பாளர், மகா கோபக்காரர். அமீபாவால் ஈரலில் சீழ் கட்டி, குணமாகி வீட்டுக்குப் போன ஓர் ஆள் மறுவருஷம் காய்ச்சலோடு வந்தார். அமீபாவை எதிர்த்து உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடி பாசிட்டிவ். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பொறுப்பாளர் அதை வாங்கி மேஜையில் போட்டார்.

"இந்த ஆளு உடம்பு போன வருஷம் சண்டை போட்டுச்சு. அதைத்தான் இது சொல்லுது. இன்னைக்குச் சண்டை நடக்குதான்னு இது எங்க சொல்லுச்சு?"

அந்த ஆளுக்கு வந்திருந்தது டைஃபாய்டு. எங்கள் பொறுப்பாளருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒட்டுண்ணி நோய்க்கு என்று வந்த ரத்தத்தில் டெஸ்ட் முடிந்து மிஞ்சுகிற சீரத்தைத் தூக்கிப் போட விடமாட்டார். பெயரும் தேதியும் எழுதி ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார். "ஒரு எண் வந்தா அது வதந்திம்மா. பக்கத்துல வைக்க இன்னொரு எண் வந்தாதான் சேதி" என்பார். நான் பிற்பாடு அம்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபுக்குப் பொறுப்பாளராகப் போனபோதும் அந்தப் பழக்கம் என்னோடு வந்தது. அங்கே எல்லோரும் கேலி செய்தார்கள். மேடம் வீட்டு ஃப்ரிட்ஜில் பழங்குழம்பு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. நிஜமாகவே நிறைய நாள் இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கலா வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். வீடு ஆவடி சேக்காட்டில். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். மாமியார் கூட இருந்தார். கல்யாணமாகி முதல் கர்ப்பம் உண்டானதும் எல்லோருக்கும் எழுதுவதுபோல அவளுக்கும் டார்ச் பேனல் எழுதினார்கள். பிள்ளையைப் பாதிக்கக்கூடிய நாலைந்து தொற்றுகளை ஒரே ரத்தத்தில் பார்க்கிற டெஸ்ட் அது. தேவை இருக்கிறதோ இல்லையோ, நம் பக்கத்தில் அதை எழுதாத சீட்டு குறைவு.

கலாவுக்கு டாக்ஸோ பாசிட்டிவ் வந்தது. டாக்ஸோ ஓர் ஒட்டுண்ணி. பூனையின் கழிவிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து கழுவாத கீரைக்கும், சரியாக வேகாத கறிக்கும் போகும். அங்கிருந்து நமக்கு. பெரும்பாலானவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கர்ப்பத்தின்போது புதிதாகத் தொற்றினால்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. கர்ப்பத்துக்கு முன்பே வந்து அடங்கியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆக, கேள்வி ஒன்றுதான். இது புதுசா, பழசா?

பாடப்புத்தகம் சொல்கிறபடி ஐஜிஎம் என்கிற ஆன்டிபாடி முதலில் வரும், சீக்கிரம் போய்விடும். ஐஜிஜி பின்னால் வந்து ஆயுசுக்கும் தங்கும். அதனால் ஐஜிஎம் இருந்தால் புதுசு என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். டாக்ஸோவின் ஐஜிஎம் பாடப்புத்தகம் படித்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த சில சொந்தக்காரர்கள் மாதிரி, பந்தல் பிரித்த பிறகும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேலே.

அது புதுசு என்று முடிவு செய்து கலாவின் முதல் கர்ப்பத்தைக் கலைத்தார்கள். அப்போது நான் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா கேட்டது டெஸ்ட், லேப் கொடுத்தது ரிசல்ட். பாசிட்டிவாக இருந்ததைப் பாசிட்டிவ் என்றோம். யாரும் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் நம் ஊரில் மட்டுமே நடக்கிற கூத்து ஆரம்பித்தது. ஐஜிஎம் நெகட்டிவ் ஆகட்டும், அப்புறம் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை அவள் வந்து ரத்தம் கொடுப்பாள், மறுநாள் பாசிட்டிவ் வாங்கிக்கொண்டு போவாள். வரும்போது நெற்றியில் கோயில் குங்குமம் இருக்கும். ஒருமுறை இடது கையை நீட்டச் சொன்னபோது பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கைல எடுத்தா பாசிட்டிவ்வே வருது மேடம். இந்த தபா ரைட்டு கைல எடுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மாமியாரும் ஒருமுறை கூட வந்திருந்தார். "பூனையே இல்லாத ஊட்ல இது இன்னாத்துக்குமா வந்துச்சி?" என்று என்னைக் கேட்டார். வீட்டில் கலாவுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருப்பதாகவும் சொன்னார். இது தட்டில் ஒட்டுகிற நோயில்லை அம்மா என்றேன். "இருக்கட்டும், எதுக்கு வம்பு" என்றார். கெட்ட மனுஷி இல்லை. பயந்த மனுஷி.

நெகட்டிவ் வரும்முன்னே கலா மறுபடி உண்டாகிவிட்டாள். மூன்றாம் மாதம் தொடங்கும்போது டெஸ்ட் எடுத்தார்கள். எண் போன தடவையைவிட ஏறியிருந்தது. நான் பார்க்கும் முன்பே ரிப்போர்ட் அவள் கணவரின் போனுக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் அப்படித்தானே, மெஷின் துப்பினால் வாட்ஸப் ஏந்திக்கொள்கிறது. டாக்டரம்மா இரண்டு எண்களையும் பார்த்தார். நோய் கிளம்பிவிட்டது என்று முடிவு செய்து, கலைப்பதற்கு வெள்ளிக்கிழமை காலை வந்து படுக்கச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை முற்பகல் கலாவும் கணவரும் லேபுக்கு வந்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். கணவர் போனைத் திறந்து இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

"போன தபா கம்மியா இருந்துச்சி மேடம், இப்போ ஏறிகீது. அப்போ நோவு ஏறுதுன்னு தானே அர்த்தம்? இன்னொரு தபா எடுத்துப் பாருங்களேன். எதுனா தப்பா கிப்பா வந்திருக்கப் போவுது."

கலா வலது கையை மேஜைமேல் நீட்டி, சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு ரிப்போர்ட்டின் தேதியையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் எங்கள் லேபில் மெஷினை மாற்றியிருந்தார்கள். கம்பெனி வேறு, கிட் வேறு. இதன் எண்ணை அதன் எண்ணோடு வைத்துப் பார்ப்பது, ஆழாக்கில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் ஒப்பிடுவது மாதிரி. எண் ஏறியது நோயால் இல்லாமல் அளவுகோல் மாறியதாலும் இருக்கலாம். இது லேபுக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாளை மறுநாள் அவள் பிள்ளை போய்விடும். 'கலைக்காதேம்மா' என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாக்டர் ஒன்று சொல்கிறார், லேப்காரி ஒன்று சொல்கிறாள் என்று வீட்டுக்குப் போய் நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். கடைசியில் டாக்டர் சொன்னதைத்தான் செய்திருப்பார்கள். செய்துவிட்டு, நான் சொன்னதை ஆயுசுக்கும் நினைத்து அழுதிருப்பார்கள். மேலும், அப்போது என்னிடம் இருந்தது சந்தேகம்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லக்கூடாது.

"உங்க பழைய ரத்தம் ஃப்ரீசர்ல இருக்கு. அதையும் இதையும் ஒண்ணா போட்டுப் பார்க்கறேன். வெளியில உட்காருங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று டியூப் எடுத்தேன். முதல் கர்ப்பத்தின்போது எடுத்தது, இடையில் எடுத்த ஒன்று, இப்போதையது. மூன்றையும் ஒரே கிட்டில் ஒரே ஓட்டத்தில் போட்டேன். ஐஜிஎம் முதல் டியூபில் அதிகம், இரண்டாவதில் குறைவு, இப்போதையதில் இன்னும் குறைவு. ஏறவே இல்லை. மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஐஜிஜி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். டாக்டரம்மா ஓபியில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கூட்டம். நல்ல டாக்டர், கைராசிக்காரர் என்று பெயர். தூக்கம் போதாதவர். நான் பேச ஆரம்பித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எதை வச்சுக்கணும், எதை எடுக்கணும்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

"இல்ல டாக்டர். மெஷின் மாத்தினதைச் சொல்ல வந்தேன். அது எங்களுக்கு மட்டும்தானே தெரியும். உங்ககிட்ட சொல்லாம விட்டா அது என் வேலையில குறை."

அவர் காகிதத்தை வாங்கினார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இரு என்று அதட்டினார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"அவிடிட்டி அனுப்புங்க. மூணுக்கும். வெள்ளி காலையில ரிசல்ட் என் கையில இருக்கணும். இதுக்கு மேல தள்ளிப் போட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம்."

டாக்டரோடு வாதம் செய்யும்போது மருத்துவத்தைப் பற்றிப் பேசாதீர்கள், தோற்றுப்போவீர்கள். உங்கள் மேஜையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரியாது. அது தெரியாமல் எடுக்கிற முடிவை அவரும் விரும்பமாட்டார்.

அவிடிட்டி என்றால் வேறொன்றுமில்லை, ஐஜிஜி அந்தக் கிருமியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று பார்ப்பது. தொற்று புதிதாக இருந்தால் பிடி தளர்வாக இருக்கும். மாதங்கள் போகப் போக இறுகும். மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த ரத்தத்தில் பிடி நன்றாக இறுகியிருந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். எங்கள் லேபில் அந்த வசதி இல்லை. நகரத்துக்குள் ஒரு பெரிய லேபுக்கு ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினோம். வியாழக்கிழமை முழுக்க அவர்களுக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன். வேறு வேலை எதுவும் ஓடவில்லை. யாருடைய சர்க்கரையைப் பார்த்தேன், யாருடைய உப்பைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நான் போகும்போதே கலா வெறும் வயிற்றோடு வந்து வார்டில் படுத்திருந்தாள். கணவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து ரிசல்ட் வந்தது. முட்டி வலியோடு மாடிப்படி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா வராந்தாவில் நின்றபடியே படித்தார். பிறகு வார்டுப் பக்கம் திரும்பி நர்ஸிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு டிபன் குடுங்க."

அவ்வளவுதான். படிக்கட்டில் இருந்த மனுஷர் அதைக் கேட்டுவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். இட்லி வாங்கிவர அவரே ஓடினார்.

நான் கீழே இறங்கத் திரும்பியபோது டாக்டரம்மா கூப்பிட்டார்.

"மூணுமே இறுக்கமா?"

"மூணுமே, டாக்டர்."

மூன்று என்றால் முதல் டியூபும் சேர்த்து. கலைத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தம். அப்போதே அது பழைய தொற்று. டாக்டரம்மா ரிசல்ட்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"முதல் டியூபைப் பத்தி அவங்ககிட்ட இப்போ பேச வேணாம். இந்தப் பிரசவம் நல்லபடியா முடியட்டும்."

சரி என்றேன். அது சரியாகத்தான் பட்டது. பாதி மனசோடு சுமக்கிறவளின் தலையில் எதற்கு இதையும் வைப்பது? வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு வாயு என்றேன்.

ஐந்தாம் மாதம் சர்க்கரை டெஸ்டுக்குக் கலா தனியாக வந்தாள். முகம் தெளிந்திருந்தது. எந்தக் கை வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டேன். எதுவா இருந்தா இன்னா மேடம் என்றாள். ரத்தம் எடுத்து முடித்து பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னேன். அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"மூணு டியூப்பு போட்டீங்கன்னு அவுரு சொன்னாரு. மொத டியூப்பு அப்போ எடுத்தது தானே மேடம்?"

"ஆமாம்மா."

"அதுல இன்னா வந்துச்சி?"

என்னிடம் பொய் தயாராக இருந்தது. 'அது அப்போ புதுசும்மா, நீங்க செஞ்சது சரிதான்' என்று சொன்னால் முடிந்தது. அவள் நம்பியிருப்பாள். நிம்மதியாகக்கூடப் போயிருப்பாள். டாக்டரம்மாவுக்குச் சரி என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆனால் எங்கள் காகிதங்களை நம்பித்தான் அவள் இத்தனை காலம் கையை மாற்றி மாற்றி நீட்டியிருக்கிறாள். அவளாகவே கேட்கிற முதல் கேள்வி இது. அதற்கும் தப்பான பதிலா?

"அதுவும் பழசுதாம்மா" என்றேன்.

அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"அப்போ அது நோவால போவல."

"இல்லம்மா."

"நம்மளேதான் அனுப்சிட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி, "எங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மேடம். தட்டு தனியா வச்சதுக்கே அது அழுதுகினு கீது" என்றாள்.

சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நான் சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஐஜிஎம்மை மட்டும் வைத்து யாருக்கும் முடிவு சொன்னதில்லை. தேவையில்லாதவர்களுக்கு டார்ச் எழுதுவதையும் விட்டுவிட்டார். நாங்களும் மெஷினோ கிட்டோ மாறினால் ரிப்போர்ட்டிலேயே அதை அச்சடிக்க ஆரம்பித்தோம். ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் யாராவது ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வாட்ஸப்புக்குப் போகாது. இதெல்லாம் நல்ல மாற்றங்கள்தான். எழுதும்போதே களைப்பாக இருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயங்களுக்கு எவ்வளவு பெரிய விலை.

நீங்கள் இந்த வேலையில் நிறைய பாசிட்டிவ் பார்ப்பீர்கள். பழகிப்போகும். பழகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்ய முடியாது. குணமானவர்களின் ரத்தத்திலும் நோயின் அடையாளம் கிடக்கும் என்பதை மட்டும் பழக்கத்தில் மறந்துவிடாதீர்கள். அடையாளத்தை அழிக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் வரிசையிலும் நிற்பார்கள். அவர்களிடம் நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம். மாடிப்படி ஏறிப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குறைமாதமில்லை, எடையும் நன்றாக இருந்தது. பிறந்த சில நாளில் கொஞ்சம் மஞ்சள் தட்டியதால் ரத்தம் பார்க்கக் கொண்டுவந்தார்கள். மாமியார் மடியில் வைத்திருந்தார். குதிகாலில் குத்தி எடுக்க நானே வந்தேன். பக்கத்தில் எங்கள் டெக்னீஷியன் பெண் விவரம் எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"முதல் குழந்தையாக்கா?"

"இல்ல, ரெண்டாவது" என்றாள் கலா.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரியவன் வீட்லயா? கூட்டிட்டு வரலையா?"

கலா குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். நான் குழந்தையின் குதிகாலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.